பழசையும் பக்கத்தில் வையுங்கள்: ரீமேக் செய்யும் கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கேப்காம், ஸ்கொயர் எனிக்ஸ், நின்டெண்டோ, சோனி, கொனாமி, ராக்ஸ்டார் நிறுவனத்தாருக்கும், பழைய கன்சோல் கேம்களைத் தூசி தட்டிப் புதுச் சட்டை மாட்டி விற்கும் மற்ற எல்லாருக்கும்,

வணக்கம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் கேம்களில் முக்கால்வாசியை நான் முதன்முதலில் ஆடியபோது உங்களுக்குப் பத்து பைசா வந்து சேர்ந்திருக்காது. 2000களின் தொடக்கம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு கேம் சென்டர். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், மணிக்கு 15 ரூபாய். டிஸ்க் ஒன்றுகூட ஒரிஜினல் கிடையாது. மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய வெள்ளை சிடிகள். அந்தக் கடனைத்தான் இப்போது வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறேன். அதே கேம்களின் புதுப் பதிப்புகளை, சில சமயம் 4,999 ரூபாய் கொடுத்து, வரிசையாக வாங்குகிறேன். ஆகவே உங்களிடம் நாலு வார்த்தை பேசும் உரிமை எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடையில் ஆடி நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு ஒன்றே ஒன்றுதான். 15 கட்டம். அதில் ஒரு கட்டத்தில் என்னுடைய ரெசிடென்ட் ஈவில் 2 சேவ் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவருடைய மல்யுத்த கேம் உட்கார்ந்திருக்கிறது. கடைக்கார அண்ணன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "திரும்ப ஆரம்பிடா, உனக்குத்தான் வழி தெரியுமே" என்றார். இப்படி மூன்று தடவை நடந்தது. அதனால் அந்தக் கேம் நடக்கும் ரக்கூன் நகரக் காவல் நிலையம் எனக்கு மனப்பாடம். எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை பிணம் எழுந்து வரும், எந்த மேசையில் மூலிகைச் செடி இருக்கும், எல்லாம் தெரியும். அந்தக் காவல் நிலையத்துக்கு அப்புறம் என்ன வரும் என்பது மட்டும் ரொம்ப நாள் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2019 ஜனவரியில் கேப்காம் அதே விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது என்னை ஏமாற்றுவது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். 1998இல் வந்த அசலில் ஒரு தாழ்வாரம் உண்டு. நாம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒன்று சடாரென்று கடந்து போகும். அடுத்த மூலையில் மேலேயிருந்து ரத்தம் சொட்டும். கேமரா நகராது; மூலையில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா மாதிரி ஒரே கோணத்தில் நிற்கும். திரும்பும் இடத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, பாத்திரத்துக்குத் தெரியும். பயமே அங்கேதான் இருந்தது. அந்த நிலைத்த கோணம் ஏன் வந்தது? பிளேஸ்டேஷனால் அவ்வளவு விவரமான கட்டடத்தை அப்போதைக்கப்போது முப்பரிமாணத்தில் வரைய முடியாது. பின்னணிகளை முன்னாலேயே படமாக வரைந்து வைத்துவிட்டார்கள். படத்தைத் திருப்ப முடியாதே.

2019இல் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. அப்படியானால் மூலையில் என்ன இருக்கிறது என்பது நமக்கும் தெரிந்துவிடும். பயம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார்கள். கேமரா மறைத்ததை இப்போது இருட்டு மறைத்தது. அப்புறம் அந்தத் தொப்பி போட்ட ராட்சசன். அசலில் அவன் இரண்டாவது சுற்றில் மட்டும், குறித்த இடங்களில் வருவான். புதியதில் முதல் சுற்றிலேயே காவல் நிலையம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறான். மேல் மாடியில் பூட்ஸ் சத்தம் கேட்கும். இடப்பக்கமா வலப்பக்கமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மனப்பாடமான கட்டடத்தில் எனக்கு வழி தெரிந்தும் பயனில்லாமல் போயிற்று. கடைக்கார அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

குறை இல்லாமல் இல்லை. அசலில் நாம் ஆடும் பாத்திரங்களான லியோன், கிளேர் இருவர் கதையும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும்; ஒரு சுற்றில் நீங்கள் எடுத்துக்கொண்ட ஆயுதம் அடுத்த சுற்றில் மற்றவருக்குக் கிடைக்காது. புதியதில் அந்தப் பின்னல் அவிழ்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே எதிரியை ஒரே இடத்தில் தனித்தனியாகக் கொல்கிறார்கள், கேட்டால் இரண்டும் நடந்தது என்கிறீர்கள். அடுத்த வருடம் வந்த மூன்றாம் பாகத்தின் ரீமேக்கில் மணிக்கூண்டுப் பகுதியையே வெட்டிவிட்டீர்கள். அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விடுங்கள்.

ஆனால் இந்த வகையில் இதுவரை வந்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் 2019இல் நிற்க மாட்டேன், 2002க்குப் போவேன். முதல் ரெசிடென்ட் ஈவில் 1996இல் வந்தது. ஆறே வருடத்தில் அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமியே அதை நின்டெண்டோவின் கேம்க்யூபுக்காக மறுபடி செய்தார். அந்த மாளிகையில் ஒரு தாழ்வாரம் இருக்கிறது. அசலில் முதல் தடவை நடந்தாலே கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய்கள் உள்ளே பாயும். ஆடிய எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். மிகாமிக்கு அது தெரியும். அதனால் புதியதில் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் ஒரு விரிசல் மட்டும் விழும். அவ்வளவுதான். மூச்சு விட்டுவிட்டுப் போவீர்கள். பிறகு எப்போதோ வேறு வேலையாக அதே வழியில் திரும்பி வரும்போதுதான் நாய்கள் பாயும்.

இன்னொன்று. அசலில் ஒரு பிணத்தைச் சுட்டுச் சாய்த்தால் அந்த அறை நிம்மதி. புதியதில் தலை தெறிக்காமல் விழுந்த பிணத்தை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காவிட்டால், பல மணி நேரம் கழித்து அது சிவந்த தலையோடு, முன்னைவிட வேகமாக எழுந்து ஓடி வரும். மண்ணெண்ணெயோ அளவோடுதான் கிடைக்கும். எந்த அறைக்கு அடிக்கடி வருவோம், எந்தப் பிணத்தை அப்படியே விடலாம் என்று கணக்குப் போட வேண்டும். ஒரே ஒரு விதியை மாற்றி, பழைய ஆட்டக்காரனின் மனப்பாடத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். அழகு படுத்துவதையெல்லாம் யாரும் செய்துவிடலாம். இந்த மாதிரி ஒரு விதியை யோசிக்க, அசலை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கோயில் திருப்பணி என்ற பெயரில் நடந்த ஒரு கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கல் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் படிந்திருக்கிறது, சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கு போயிற்று. கூடவே கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் மழுங்கிப் போயின. சுவர் பளிச்சென்று இருந்தது, படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

2021 நவம்பரில் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ முத்தொகுப்பைத் திறந்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. ராக்ஸ்டார் நண்பர்களே, ஒரு டோனட் கடை மேல் பெரிய இரும்பு நட் ஒன்று இருக்கும். கடையின் பெயரிலேயே நட் உண்டு, ஆறு மூலை இருந்தால்தான் அந்தச் சிலேடை புரியும். உங்கள் மெருகேற்றலில் மூலைகள் வழவழப்பாகி அது வெறும் வளையமாகிவிட்டது. செய்தவர் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் கொடுத்திருக்க மாட்டீர்கள். கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள். மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு.

அதைவிடப் பெரிய விஷயம் பனிமூட்டம். அந்த மூன்றில் ஒன்றான, 2004இல் வந்த சான் ஆண்ட்ரியாஸ் ஓடியது பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) பெட்டியில். அதன் முதன்மை நினைவகம் 32 எம்பி. தூரத்தில் இருப்பதை வரைய இடம் போதாது, ஆகவே ஒரு புகைமூட்டத்தைப் போட்டு மறைத்தார்கள். அந்தப் புகையால்தான் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு வண்டி ஓட்டிப் போவது நெடும்பயணமாக இருந்தது. புதியதில் "இப்போதுதான் பெட்டிக்குச் சக்தி இருக்கிறதே" என்று புகையை எடுத்துவிட்டீர்கள். சிலியட் மலை உச்சியில் ஏறி நின்றால் மொத்த மாநிலமும் ஒரு பெரிய மைதானம் அளவுக்குக் காலடியில் கிடக்கிறது. நான் இரவெல்லாம் ஓட்டிய பாலைவனம், அதோ, கை நீட்டினால் தொடலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி வெட்கம். மூன்று வருடம் கழித்து 2024 நவம்பரில் பழைய வானத்தின் நிறத்தையும் ஒளியையும் ஒரு விருப்பத் தேர்வாகத் திருப்பிக் கொடுத்தீர்கள். சரி, நன்றி.

இதே பனிமூட்டப் பாடத்தைக் கொனாமி அதற்கு முன்பே படித்திருந்தது. சைலன்ட் ஹில் 2 வந்தது 2001இல். 2012இல் எச்டி தொகுப்பாக மறுபடி விட்டபோது, அந்த வேலையை எடுத்த ஸ்டுடியோவுக்குக் கிடைத்தது இறுதி நிரல்கூட இல்லை, முடிவடையாத ஒரு பழைய பிரதி. மூடுபனி மெலிந்துபோய், மூடுபனி மறைத்துக்கொண்டிருந்த ஓட்டையெல்லாம் வெளியே வந்தது. ஒரு பெயர்ப்பலகை காமிக் சான்ஸ் எழுத்துருவில் பல்லைக் காட்டியது. பேய் ஊர்ப் பலகை, பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ் மாதிரி. 2024 அக்டோபரில் போலந்தின் புளூபர் டீம் செய்த ரீமேக்கை ஆடியபோது அந்தப் பாவம் கழுவப்பட்டது என்று நினைத்தேன். கேமரா மாறியிருக்கிறது, சண்டை மாறியிருக்கிறது, கட்டடங்களின் உள்ளமைப்பே பெரிதாகியிருக்கிறது. ஆனால் பனி அடர்ந்து நிற்கிறது. இப்போதைய பெட்டிக்குப் பனி தேவையே இல்லை. இருந்தும் வைத்தார்கள். இசையும் அசலுக்கு இசையமைத்த அகிரா யமஓகாவே.

மூலப் பிரதிகளைத் தொலைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தின் மூலத் தரவுகள் கைவசம் இல்லாததால், 2013இல் எச்டி பதிப்பு செய்தவர்கள் கடையில் விற்ற விளையாட்டிலிருந்தே தோண்டி எடுத்து, மற்றதை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. பத்துப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது! ஓலைச்சுவடியைக் கரையான் தின்ற நாட்டிலிருந்து எழுதுகிறேன், அதனால் இதில் உங்களைப் பெரிதாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சோனிக்கு. ஷேடோ ஆஃப் த கொலோசஸ் 2005இல் பிஎஸ்2வில் வந்தது. பதினாறு பூதங்கள், ஒரு குதிரை, ஒரு பையன். பூதத்தின் மயிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏற வேண்டும். பட்டனை விட்டால் விழுவான். அந்தப் பெட்டியால் அவ்வளவு பெரிய உருவத்தைச் சமாளிக்க முடியாமல் படம் திணறித் திணறி ஓடும். எனக்கென்னவோ பூதங்கள் கனமாகத் தெரிந்ததில் அந்தத் திணறலுக்கும் பங்கு உண்டு. 2018இல் புளூபாயிண்ட் செய்த ரீமேக்கில் திணறல் இல்லை, புல் ஒவ்வொன்றும் காற்றில் அசைகிறது. முதல் பூதத்தை இறக்கியபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாவதுக்கு வந்தபோது அந்த எண்ணமே போய்விட்டது. அசைவின் வேகம், விழும்போது உடம்பு துவளும் விதம், எதையும் அவர்கள் தொடவில்லை. இதே ஸ்டுடியோ 2020இல் டீமன்ஸ் சோல்ஸைச் செய்தது. அதில் வேறு வேறு உலகங்களுக்கு வாசலாக இருக்கும் கற்களில் உடைந்த நிலையில் இருக்கும் ஆறாவது கல்லை, ரசிகர்கள் எவ்வளவோ ஆசைப்பட்டும், உடைந்த கல்லாகவே விட்டார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சில எதிரிகளின் முகத்தையும் இசையையும் மாற்றியதில் அந்த அடக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அசலில் அந்தக் குண்டு அதிகாரியின் சிரிப்பில் ஒரு கேவலமான பெருமிதம் இருக்கும். புதியவருக்கு முகமெல்லாம் கொப்புளம், பெருமிதம் காணோம்.

நின்டெண்டோவின் லிங்க்ஸ் அவேக்கனிங் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் தப்பு. 1993இல் கேம் பாய்க்கு வந்தது. அதில் ஆயுதத்துக்கு இரண்டே பட்டன். வாள் ஒரு கை, கேடயம் ஒரு கை. குதிக்க வேண்டுமா, மெனுவைத் திறந்து கேடயத்தைக் கழற்றி இறகை மாட்டு. கல்லைத் தூக்க வேண்டுமா, மறுபடி மெனு. 2019 ஸ்விட்ச் பதிப்பில் வாளுக்கும் கேடயத்துக்கும் ஓடும் பூட்ஸுக்கும் தனித்தனிப் பட்டன் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரிச் சிரமத்தை எடுத்ததற்கு யாரும் கண்ணீர் விட மாட்டார்கள். ஆனால் கடையில் காசு கொடுக்காமல் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அதன்பின் ஊரே உங்களை உங்கள் பெயரால் கூப்பிடாமல் "திருடன்" என்று கூப்பிடும். அந்தக் குசும்பு அப்படியே இருக்கிறது. மறுபடி கடைக்குள் காலடி வைத்தால் கடைக்காரர் மின்னலடித்துக் கொல்வதும் அப்படியே. எது சிரமம், எது குசும்பு என்று பிரிக்கத் தெரிந்த கை.

ஸ்கொயர் எனிக்ஸ், உங்கள் ஃபைனல் ஃபேன்டசி 7 வேறு ரகம். 1997இல் மூன்று சிடியில் வந்த கதை. அதில் முதல் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும் மிட்கர் நகரத்தை மட்டும் வைத்து 2020இல் முப்பது மணி நேர விளையாட்டு. அடுத்த பாகம் 2024இல். மொத்தம் மூன்று பாகம். கதையையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறீர்கள், பழைய கதை மாறாமல் இருக்க வேண்டும் என்று காவல் காக்கும் நிழல் உருவங்களையே எதிரிகளாக்கிவிட்டீர்கள். ரசிகர்களைத்தான் குத்திக் காட்டுகிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் உங்களிடம் எனக்குச் சண்டை இல்லை. காரணம் ஒன்றே. 1997ஆம் ஆண்டு அசல், கட்டை விரல் மாதிரியான கைகளோடு, இன்றும் பிஎஸ்4இலும் ஸ்விட்சிலும் செல்பேசியிலும் விலைக்குக் கிடைக்கிறது. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். அசல் அங்கே இருக்கிறது. லைவ் ஏ லைவையும் சொல்ல வேண்டும். 1994இல் ஜப்பானோடு நின்றுபோன விளையாட்டு, 2022இல் ரீமேக் ஆன பிறகுதான் உலகம் முழுக்க முறையாக வந்தது. ஆங்கிலத்தில் ஆட 28 வருடம் காத்திருந்தோம்.

இங்கேதான் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ரீமேக் செய்யுங்கள், வாங்குகிறோம். அசலைக் கடையிலிருந்து தூக்காதீர்கள்.

ராக்ஸ்டார் 2021 அக்டோபரிலேயே பழைய மூன்று கேம்களையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த மாதம் அந்த வழவழப்பான நட்டைக் கொடுத்தது. கூச்சல் கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டு, கணினிக்கு மட்டும், தன் சொந்தக் கடையில் பழையதைத் திருப்பி வைத்தது. டீமன்ஸ் சோல்ஸின் 2009 பதிப்பை ஆட இன்றும் பிஎஸ்3 பெட்டிதான் தேட வேண்டும். அதன் சர்வர்களையும் 2018இல் மூடியாயிற்று. கேம் பாய் லிங்க்ஸ் அவேக்கனிங்கின் வண்ணப் பதிப்பு ஸ்விட்சில் இருக்கிறது, சந்தா கட்டும் வரை. விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள வழி இல்லை. நின்டெண்டோ 2023 மார்ச்சில் தன் பழைய பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளை மூடியபோது இன்னும் எத்தனையோ போயின.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்றது. நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துவிட அனுமதி கேட்டபோது, உங்களில் பலர் உறுப்பினராக இருக்கும் அமெரிக்க கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அனுமதி மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டீர்கள், நூலகத்தில் திறக்கவும் விட மாட்டீர்கள். அப்புறம் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய வெள்ளை சிடியைப் பற்றி என்னிடம் கோபப்பட்டால் எப்படி?

ரசிகர்கள் தாமே செய்தாலும் ஆகாது. மெட்ராய்ட் 2 வந்தது 1991இல், கேம் பாயின் பச்சைத் திரையில். ஒரு ரசிகர் பல வருடம் உட்கார்ந்து அதைப் புதிதாகச் செய்து, தொடரின் முப்பதாவது ஆண்டில், 2016 ஆகஸ்டில், இலவசமாக வெளியிட்டார். நின்டெண்டோவின் நோட்டீஸ் உடனே வந்தது. அடுத்த ஆண்டே நின்டெண்டோவின் சொந்த ரீமேக் 3டிஎஸ்ஸில் வந்தது. சட்டப்படி உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். இரண்டையும் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே நன்றாக இருந்தன; ஒன்று மற்றதன் வியாபாரத்தைக் கெடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நல்லது செய்தவரையும் சொல்ல வேண்டும். கேப்காம் 2024இல் முதல் மூன்று ரெசிடென்ட் ஈவில் அசல்களையும் கணினிக்காக ஜிஓஜி என்ற இணையக் கடையில் மறுபடி வைத்தது. ரீமேக் மூன்றும் விற்றுக்கொண்டிருக்கும்போதே! வாங்கினேன். காவல் நிலையத்துத் தாழ்வாரம், ஜன்னலுக்கு வெளியே அந்தச் சடார். சேவ் செய்தேன். இந்த முறை யாரும் மேலே மல்யுத்தம் எழுதவில்லை.

"உங்கள் நினைவில் உள்ளபடியே" என்று விளம்பரத்தில் போடுகிறீர்கள் அல்லவா, அதிலும் எனக்கு ஒரு சின்னத் தகராறு. என் நினைவில் உள்ளது சிவப்பு நிறம் பக்கத்தில் வழியும் ஒரு 21 அங்குல டிவி. அந்தக் காலத்து ஓவியர்கள் அந்த வழிசலைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். 1991 சோனிக்கில் அருவியைச் செங்குத்துக் கோடு கோடாகத்தான் வரைந்திருப்பார்கள். பழைய கேபிளில் அது கலங்கி, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். கூர்மையான திரையில் பார்த்தால் ஜன்னல் கம்பி. ஆகவே அசலை வைக்கும்போது அந்தக் கலங்கலையும் ஒரு தேர்வாக வையுங்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை, உங்களில் சிலர் ஏற்கனவே செய்கிறீர்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். பாரிஸில் உள்ள லிசார்ட்க்யூப் என்ற சின்ன ஸ்டுடியோ 2017இலேயே செய்து காட்டிவிட்டது. வொண்டர் பாய்: த டிராகன்ஸ் டிராப். 1989இல் சேகா மாஸ்டர் சிஸ்டத்தில் வந்தது. மூல நிரல் கையில் இல்லாமல், பழைய கேசட்டில் இருந்த இயந்திர மொழியைப் படித்துப் படித்து ஓமர் கோர்னுட் அதன் உள்ளமைப்பை வெளியே கொண்டுவந்தார். அதே பெட்டிக்கு எமுலேட்டர், அதாவது அந்தப் பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள், எழுதியவர் அவர். அதன் மேல் பென் ஃபிகே கையால் வரைந்த புது ஓவியங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் திரையைத் துடைத்தது மாதிரி ஓவியம் விலகி 1989 வந்துவிடும். மறுபடி அழுத்தினால் ஓவியம். இசைக்குத் தனியாக ஒரு மாற்று. புதுப் படத்துக்குப் பழைய பீப் சத்தம் வேண்டுமா, அதுவும் உண்டு. இதைவிட ஒன்று சொல்கிறேன்: 1989இல் யாரோ நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்த பாஸ்வேர்டை இந்தப் புது விளையாட்டில் அடித்தால் வேலை செய்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கைக்கடக்கமான ஒரு குழுவால் முடிந்தது உங்கள் கட்டடங்களில் முடியாதா?

போன மே மாதம் தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒன்பது வயது. இந்த விளையாட்டைத்தான் போட்டுக் கொடுத்தேன். பல்லியாக மாறி நெருப்புத் துப்பிக்கொண்டு போனவள், தற்செயலாக அந்தப் பட்டனை அழுத்திவிட்டாள். ஓவியம் போய்க் கட்டம் கட்டமாக ஒரு பச்சைப் பல்லி நின்றது. உடைத்துவிட்டோம் என்று பயந்து என்னைப் பார்த்தாள். மறுபடி அழுத்தச் சொன்னேன். அப்புறம் பத்து நிமிடம் வேறு எதுவும் செய்யவில்லை. அழுத்துவாள், பார்ப்பாள், அழுத்துவாள், பார்ப்பாள். ஒரு மேகத்தின் கீழே நின்று, "மாமா, இது இதுல வெறும் வெள்ளைக் கட்டம். இதுல மேகம். ஆனா நிழல் ரெண்டுலயும் ஒரே இடத்துல இருக்கு" என்றாள்.

பிறகு பழைய படத்தையே வைத்துக்கொண்டு ஆடப் போனாள். ஒரு பாம்பு கடித்து லைஃப் போயிற்று.

இப்படிக்கு,
ரெசிடென்ட் ஈவில் 2 சேவை மூன்று முறை பறிகொடுத்த ஒருவன்